நாற்பதாவது படிவம்

ஜெலாப்பாங், ஈப்போ
8.7.1984

அன்புத் தங்கை டோரிஸுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் ஐந்து பேரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. உன் அண்ணி எல்ஸி மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். கோலாலம்பூருக்கு யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இந்தக் கடிதம் ஒரே ஒரு காரியத்துக்காக. இரண்டாம் ஆண்டில் பொருளாதாரத்தோடு வேறு பாடங்களையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். எதை எடுப்பது என்று நீ என்னைக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், கணக்கியலை எடு.

நம் வரிசையில் கடைசி வீட்டுப் பத்துமலை அண்ணனின் மகன் பொருளாதாரம் மட்டும் படித்துப் பட்டம் வாங்கி வந்தான். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இப்போது டவுனில் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறான். அங்கியோடு எடுத்த படம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எங்கள் ஆலைக் கணக்காளரிடம் இதைச் சொன்னேன். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "பொருளாதாரம் மட்டும் படிச்சவன் நாட்டைப் பத்திப் பேசலாம் லா. கணக்கும் சேத்துப் படிச்சவனுக்குத்தான் நாற்காலி போடுவாங்க."

ரப்பர் தோட்டத்தை விட்டு நாம் வெளியேறிய அன்று லோரியில் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அப்பா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. "இனிமே நம்ம வீட்டுல யாரு கையிலயும் பால்மர வாடை வரக்கூடாது." நான் நூல் ஆலைக்கு வந்துவிட்டேன். நீ நாற்காலிக்குப் போக வேண்டும்.

ஆலையில் ஜப்பான்காரன் இயந்திரம் புதிதாக வந்திருக்கிறது. பதினெட்டுப் பேருக்கு அதைப் பழக்கிவிடும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

உடம்பைப் பார்த்துக்கொள். பூசைக்குத் தவறாதே.

உன் அண்ணன்
லியோனார்ட்


கோலாலம்பூர்
26.7.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். அண்ணி, குழந்தைகள், அப்பா எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். ஊறுகாய் வந்து சேர்ந்தது. அறைத்தோழிகள் இருவரும் மலாய்க்காரப் பெண்கள். பாதி ஜாடியை அவர்களே காலி செய்துவிட்டார்கள்.

பதினெட்டுப் பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று படித்தபோது அறையில் எல்லாரிடமும் சொன்னேன்.

பாடங்களைப் பதிவு செய்யும் நாளில் நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டே வரிசையில் நின்றேன். நீளமான வரிசை. விடுதிச் சாப்பாடு பரவாயில்லை. மழை அதிகம். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்
டோரிஸ்


கோலாலம்பூர்
30.9.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். அப்பாவின் இருமல் திரும்பவும் வந்ததா?

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அது மனத்தை அறுக்கிறது. கணக்கியல் வரிசையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, அதிலிருந்து விலகிப் புள்ளியியல் வரிசைக்குப் போய்விட்டேன். கூடவே தொழிலாளர் சட்டம் என்று ஒரு பாடத்தையும் எடுத்திருக்கிறேன்.

காரணம் சொல்கிறேன். முதலாண்டில் ஒரு விரிவுரையாளர் பலகையில் ஒரு அட்டவணை போட்டார். பேராக்கில் எழுபத்து மூன்றாம் வருஷம் பால்மரம் வெட்டியவர்களின் வயது, குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வருமானம். வகுப்பே எழுதிக்கொண்டிருந்தது. நான் அதில் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். வயதுக் கட்டத்தில் இருந்தார், வருமானக் கட்டத்தில் இருந்தார். ஆறாவது வகுப்போடு என்னை நிறுத்திவிடச் சொன்ன தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் அவர் சண்டை போட்டது எந்தக் கட்டத்திலும் இல்லை. அன்றிலிருந்து, இந்தக் கட்டங்களை யார் போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

பொருளாதாரம், புள்ளியியல், சட்டம் மூன்றும் ஒருத்தியிடம் இருந்தால் வேலை கிடைக்கும் என்று நம்புகிறேன். உங்கள் பேச்சை மீறியது தப்புதான். திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கை
டோரிஸ்


கோலாலம்பூர்
18.11.1984

அண்ணே,

நலம்தானே? ஏழு வாரமாகத் தபால் பெட்டியைப் பார்த்து வருகிறேன். இவ்வளவு கோபமா? கணக்கியலுக்கே மாறிவிடலாமா என்று அலுவலகத்தில் கேட்டேன். இனி முடியாது என்கிறார்கள். அண்ணியாவது இரண்டு வரி எழுதட்டும்.

டோரிஸ்


ஜெலாப்பாங்
9.12.1984

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகம். உன் கடிதங்கள் கிடைத்தன. கோபம் ஒன்றும் இல்லை. புள்ளியியல் நல்ல பாடம்தான் என்கிறார்கள். தொழிலாளர் சட்டமும் நல்லதே. எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்று எனக்கு என்ன தெரியும்? முன்பு எழுதியதை மறந்துவிடு.

கிறிஸ்துமஸுக்கு வா. குழந்தைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே எழுதும்படி வேறொன்றும் இல்லை.

லியோனார்ட்


கோலாலம்பூர்
23.6.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வீட்டுப் பக்கம் வர முடியவில்லை. விடுமுறை முழுக்க இங்கேயே டியூஷன் சொல்லிக் கொடுத்தேன். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இறுதியாண்டு தொடங்கிவிட்டது. பட்டத்துக்கு ஆய்வேடு ஒன்று எழுத வேண்டும். ஆட்குறைப்பில் வேலை போனவர்கள் அதன்பிறகு என்ன செய்கிறார்கள் என்பதை ஈப்போவைச் சுற்றி விசாரித்து எழுதப் போகிறேன். என் மூன்று பாடங்களும் இதில் சேருகின்றன. விரிவுரையாளருக்கும் பிடித்துவிட்டது.

உங்களிடம் ஒரு உதவி. இத்துடன் தமிழிலும் மலாயிலும் படிவங்கள் அனுப்புகிறேன். நாற்பது நிரப்பி வந்தால் போதும். பெயர் எழுத வேண்டாம். நீங்கள் வேலையில் இருப்பவர். வேலை போனவர்களிடம் போய் இதைக் கேட்பது உங்களுக்குச் சங்கடம் என்று தெரியும். ஆனாலும் உங்களை விட்டால் எனக்கு அங்கே யாரும் இல்லை.

பதினேழாம் கேள்வியை விரிவுரையாளர் வேண்டாம் என்றார். நான்தான் பிடிவாதமாகச் சேர்த்தேன். 'வேலை போனதை யாரிடமாவது மறைத்தீர்களா? ஏன்?' அதற்குப் பதில் எழுத யாராவது தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்.

அன்புடன்
டோரிஸ்


ஜெலாப்பாங்
1.9.1985

அன்புத் தங்கைக்கு,

யாவரும் நலம். நீ கேட்ட நாற்பது படிவங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு எழுது.

நீ நினைத்த மாதிரி ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு காலைப்பொழுது நின்றால் பத்துப் பேர். மாயாண்டி என்று ஒருவர், ஈயச் சுரங்கத்தில் இருபத்தொரு வருஷம் வேலை பார்த்தவர், படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். கருப்பம்மாள் என்ற அம்மா பதினேழாம் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

உன் ஆறாம் கேள்வி சரியில்லை. 'எத்தனை மாதமாக வேலை இல்லை?' என்று கேட்டால் ஆண்கள் குறைத்துச் சொல்கிறார்கள். ஏழு மாதம் மூன்றாகிவிடுகிறது. 'கடைசியாகச் சம்பளம் வாங்கியது எந்த மாதம்?' என்று கேட்டேன். உடனே சொன்னார்கள். அது யாருக்கும் மறப்பதில்லை. அதனால் அந்த இடத்தில் மாதத்தின் பெயரை எழுதியிருக்கிறேன். உன் விரிவுரையாளர் ஒத்துக்கொள்வாரா பார்.

நன்றாகச் சாப்பிடு.

லியோனார்ட்


கோலாலம்பூர்
13.10.1985

அண்ணே,

உங்கள் சுகத்தை எப்படி விசாரிப்பது என்றே தெரியவில்லை.

ஒவ்வொரு படிவத்தையும் எண்களாக மாற்றிக்கொண்டே வந்தேன். ஆண் ஒன்று, பெண் இரண்டு. சுரங்கம் ஒன்று, ஆலை இரண்டு. முப்பத்தொன்பது முடித்துக் கடைசியை எடுத்தேன். மற்றதெல்லாம் யார் யாரோ எழுதியது. இது என் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதித் தந்த கையெழுத்து.

வயது 34. பள்ளியில் மூன்றாம் படிவம் (ஒன்பதாம் வகுப்பு) வரை கல்வி. முன்பு நூல் ஆலையில் ஒன்பது வருஷம். கடைசிச் சம்பளம், அக்டோபர் 1984. இப்போது பால்மரம் வெட்டுதல், ஒப்பந்தம். பதினேழாம் கேள்விக்கு, 'ஆம். தங்கையிடம். படித்துக்கொண்டிருக்கிறாள்.'

நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது காலை ஷிப்ட் என்று சொல்லிவிட்டு ஆலைச் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பினீர்கள். அண்ணி உங்கள் துணியை மட்டும் தனியாக ஊறவைத்துத் துவைத்தார். இயந்திர எண்ணெய் என்றார். நானும் நம்பினேன். புள்ளியியல் படிக்கிறவள்.

அந்த ஏழு வாரமும் உங்கள் கோபம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தானே வேலை போயிருக்கிறது? நான் கணக்கியலா புள்ளியியலா என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த வாரமே பெட்டியைக் கட்டுகிறேன். ஈப்போவில் ஏதாவது கடையில் எழுத்து வேலை கிடைக்கும். படிப்பை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

டோரிஸ்


ஜெலாப்பாங்
27.10.1985

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் உண்மையாகவே சுகம். பெட்டியைக் கட்டாதே.

நீ நாற்பது வேண்டும் என்றாய். முப்பத்தொன்பதுதான் சேர்ந்தது. ஒருவர் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இல்லாத ஒருவரை எழுதி அனுப்ப மனம் வரவில்லை. அதனால் இருக்கிற ஒருவனை எழுதினேன். உன் கண்ணில் படாது என்று நினைத்தேனா, படட்டும் என்று நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை.

பழக்கிவிட்ட பதினெட்டுப் பேரும் இயந்திரத்தை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் அவ்வளவு ஆள் தேவைப்படவில்லை. சொல்லிக் கொடுத்தவனும் தேவைப்படவில்லை. இரண்டு மாதம் ஈப்போ முழுக்க ஏறி இறங்கினேன். எங்கே போனாலும், "வேற என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். நூல் அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடத் தெரியும் என்று சொல்ல முடியுமா? நீ மூன்று பாடம் சேர்த்துப் படிக்கிறாய். என்னிடம் ஒரே பாடம். அதோடு எதைச் சேர்ப்பது என்று அப்போதெல்லாம் யோசிப்பேன். சேர்க்க இருந்தது சின்ன வயதில் கற்றுக்கொண்ட பால்வெட்டு ஒன்றுதான்.

சுங்கை சிப்புட் பக்கம் நம் பழைய தோட்டத்தில் கொஞ்சம் மரம் இன்னும் நிற்கிறது. சீனத் தவுக்கே முதலாளி ஒருவர் ஒப்பந்தத்துக்கு ஆள் தேடினார். நம் ஆட்கள் யாரும் வருவதில்லை, இந்தோனேசியாக்காரர்கள்தான். நான் போய் நின்றதும் சிரித்துவிட்டார்.

அப்பாவிடமும் மறைத்தேன். நாலாம் நாளே தெரிந்துவிட்டது. மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. "யாருட்ட மறைக்கிற? அந்த வாடையில நான் முப்பது வருஷம் கெடந்தேன்" என்றார். லோரியில் சொன்னதை எடுத்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "கத்திய இங்க கொண்டா. மொட்டக் கத்தியில வெட்டுனா மரம் புண்ணாயிரும்" என்றார். அன்றிலிருந்து அவரே தீட்டித் தருகிறார்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணத்தைப் படிவத்திலேயே எழுதிவிட்டேன். நீ பாதியில் வந்தால் அந்தக் காரணம் பொய்யாகிவிடும். இருந்து எழுதி முடி.

லியோனார்ட்


கோலாலம்பூர்
24.11.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம்தானே? நான் சுகம். பெட்டியைக் கட்டவில்லை.

விரிவுரையாளரிடம் உண்மையைச் சொன்னேன். ஆய்வு செய்கிறவரின் குடும்பத்தாரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றார். கண்டிப்பாகச் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எடுத்துவிட்டேன். ஆய்வேட்டில் முப்பத்தொன்பது பேர் என்றே போட்டிருக்கிறேன். ஆறாம் கேள்வியை மாற்றிக் கேட்ட முறையைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொன்னார். எழுதினேன். யார் மாற்றியது என்று மட்டும் எழுதவில்லை.

அப்பாவுக்கு என் வணக்கம்.

டோரிஸ்


கமுந்திங்
15.3.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். பட்டம் வாங்கியபின் பத்து மாதம் உங்களோடேயே இருந்துவிட்டதால் கடிதம் எழுதும் பழக்கம் விட்டுப்போயிற்று. அறை வசதியாக இருக்கிறது. தைப்பிங் கோயிலுக்குப் பஸ்ஸில் பத்து நிமிஷம்.

இந்த ஆலை அலுவலக வேலைக்கு நேர்முகத் தேர்வில் என்ன நடந்தது என்று சொன்னேன் அல்லவா? பொருளாதாரம், புள்ளியியல், தொழிலாளர் சட்டம் மூன்றும் ஒரே ஆளிடமா என்று மேலாளர் ஆச்சரியப்பட்டார். அறுபது விண்ணப்பத்தில் என்னை எடுத்தார். மூன்றையும் சேர்த்துப் படித்தது பலித்தது என்று எல்ஸி அண்ணி பாயசம் வைத்தார்.

ஏன் அப்படி ஓர் ஆள் வேண்டியிருந்தது என்று போன வாரம்தான் தெரிந்தது. மின்பாகங்கள் செய்யும் பிரிவு ஒன்றைப் பினாங்குக்கு மாற்றுகிறார்கள். இங்கே முப்பத்திரண்டு பேரை நிறுத்த வேண்டும். யார் யார் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். எத்தனை வருஷம், எத்தனை நாள் விடுப்பு, மணிக்கு எத்தனை பாகம், சட்டப்படி எத்தனை வாரம் முன்னறிவிப்பு. இரண்டே நாளில் முடித்துவிட்டேன். ஒரு பிழை இல்லை. என் மூன்று பாடமும் அந்த ஒரே தாளில் உட்கார்ந்திருக்கின்றன.

ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கட்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

டோரிஸ்


ஜெலாப்பாங்
22.3.1987

அன்புத் தங்கைக்கு,

சுகம். அப்பாவுக்கு மூட்டு வலி, வேறொன்றும் இல்லை.

கடிதத்தைக் கொடு என்றோ கொடுக்காதே என்றோ நான் சொல்லமாட்டேன். கணக்கியலை எடு என்று சொன்னவன் நான். அதன்பிறகு யாருக்கும் எதையும் எடு என்று சொல்வதில்லை. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கார்டு குத்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். பெயர் இல்லை, கார்டு எண்கள் மட்டும். ஒன்பது வருஷமாகப் பெயர் சொல்லியே கூப்பிட்டதால் என் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. கார்டை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே கண்ணாடி அறையில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். நான் நிமிர்ந்ததும் திரையை இறக்கிவிட்டார். அவர் நல்ல மனுஷன். நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறார்.

வேலை போனதைக் காட்டிலும் அந்தத் திரைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. கீழே இறங்கி வந்து, "லியோனார்ட், உன் வேலை போச்சுப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அவரை அடித்துவிடப் போவதில்லை.

இதை எல்ஸியிடம்கூடச் சொன்னதில்லை. உனக்கு இப்போது தேவைப்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். மற்றதை நீ முடிவு செய்.

உன் அண்ணன்
லியோனார்ட்


கமுந்திங்
5.4.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவின் மூட்டுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். மற்ற எல்லாரும் சுகமாக இருப்பீர்கள்.

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. மேலாளரிடம் போய், பலகையில் ஒட்ட வேண்டாம், நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றேன். அழுகையும் கூச்சலுமாகிவிடும் என்றார். ஆகட்டும் என்றேன். ஒரு காலைப்பொழுது கொடுத்தார். இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாற்காலி போட்ட சின்ன அறை. எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தமிழர்களிடம் தமிழில், மலாய்க்காரர்களிடம் மலாயில், என் அரைகுறைக் காண்டனீஸில் இரண்டு சீனப் பெண்களிடம். பட்டியலைப் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். ஒருவர் மேசையைத் தட்டிவிட்டுப் போனார். ஒருவர் கதவு வரை போய்த் திரும்பி வந்து, மகளுக்குத் தெரிய வேண்டாம், அவளும் இங்கேதான் வேலை பார்க்கிறாள் என்றார். கூச்சல் எதுவும் வரவில்லை.

இரண்டாம் நாள் செல்லாயி என்ற அக்கா வந்தார். நாற்பத்து மூன்று வயது. பாகான் செராயில் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், பன்னிரண்டு வருஷமாக இங்கே. நான் சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "நீ படிச்ச பிள்ள. நான் இனிமே என்ன படிச்சா வேல கெடைக்கும்?"

விளையாட்டாகக் கேட்கவில்லை, அண்ணே. நான் சொன்னால் நாளைக்கே போய்ச் சேர்ந்துவிடுவார் போல் இருந்தது. தையல், டைப்பிங், கேட்டரிங் என்று வாயில் வந்ததெல்லாம் பொய்யாகத் தெரிந்தது. "எனக்குத் தெரியலக்கா" என்றேன். அவர் தலையாட்டினார். முன்னால் கட்டியிருந்த ஆலை ஏப்ரனைக் குனிந்து பார்த்தார். "இத தொவச்சுக் கொண்டாந்து குடுக்கவா, இப்பவே கழட்டித் தரவா?" என்றார்.

துவைக்க வேண்டாம் என்றேன். அங்கேயே கழற்றி, நாலாக மடித்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு என் மேசையில் வைத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். கதவைத் திறந்து அடுத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

உங்கள் தங்கை
டோரிஸ்